சின்னதும் பெரிசும் ஒரே தொட்டியில்: ஆக்சலோட்டல்களைச் சேர்த்து வைக்கும் முறை

"அம்மா, சின்னிக்குக் கை இல்லம்மா."

டிசம்பர் விடுமுறையில் ஒரு சாயங்காலம் என் மகள் தொட்டிப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். இடது முன்கை முழங்கைக்குக் கீழே இல்லை. பக்கத்திலேயே முத்து, எங்கள் பெரிய ஆக்சலோட்டல் (தண்ணீரிலேயே வாழும் ஒரு சாலமாண்டர் வகைப் பிராணி), ஒன்றுமே நடக்காத மாதிரி மணலில் படுத்திருந்தது. முத்துவின் நீளம் 23 செ.மீ. அன்று காலையில்தான் வாங்கி வந்திருந்த சின்னி 8 செ.மீ. "ரெண்டும் ஒண்ணா இருக்கும், பிரச்சினை இல்லை" என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். பையைத் தண்ணீரில் அரைமணி நேரம் மிதக்கவிட்டு, மீனை விடுவது போல விட்டுவிட்டேன்.

2021இல் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் இந்தப் பிராணி வந்தாலும் வந்தது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கம் தமிழ் வீட்டுப் பிள்ளைகளும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்று வாங்கிய வீட்டில் ஆறே மாதத்தில் "இதுக்கு ஒரு துணை வேணும்" என்ற பேச்சும் வந்துவிடுகிறது. அப்படி இரண்டாவதை வாங்கப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், இரண்டும் ஒரே தொட்டியில் இருந்தால் முதலில் பிரித்துவிட்டு வாருங்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தால் போதும்.

துணை உண்மையிலேயே வேண்டுமா?

ஆக்சலோட்டல் தனிமையில் ஏங்குகிற பிராணி இல்லை. நாய், கிளி மாதிரி கூட்டாளி தேடாது. ஒன்றைத் தனியாக வளர்ப்பதில் எந்தக் குறையும் கிடையாது. இரண்டாவது வேண்டும் என்பது நம்முடைய ஆசை, அதனுடைய தேவை இல்லை. ஆசைப்படுவதில் தப்பில்லை, ஆனால் அந்த ஆசைக்கான விலையைச் சின்னது கொடுக்கும்படி ஆகக்கூடாது.

இதன் கண்பார்வை மந்தம். தண்ணீரில் எழும் அசைவையும் வாசனையையும் வைத்துத்தான் இரையைத் தேடும். முகத்துக்கு முன்னால் ஏதாவது அசைந்தால் சட்டென்று வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். உள்ளே போனது புழுவா, தம்பியின் விரலா என்று யோசிப்பதே இல்லை. பகைமை, கோபம் எதுவும் அதில் இல்லை. அதனால்தான் "பழகிவிடும்" என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. எவ்வளவு நாள் பழகினாலும் வாய்க்குள் நுழைகிற அளவில் இருப்பது இரைதான்.

முதலில் அளவு

பெரிசுக்கும் சின்னதுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைக் கண்மதிப்பில் சொல்லாதீர்கள். தண்ணீரும் கண்ணாடியும் கண்ணை ஏமாற்றும். ஒளி ஊடுருவும் தட்டையான டப்பாவில் கொஞ்சம் தொட்டித் தண்ணீர் எடுத்து, பிராணியை அதில் விட்டு, டப்பாவுக்கு அடியில் ஓர் அடிஸ்கேலை வையுங்கள். அது நேராகப் படுக்கும்வரை காத்திருந்து மேலிருந்து ஒரு படம் எடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை கணக்கு. கையால் தூக்க வேண்டாம். அதன் தோல் மிக மென்மையானது. வலையில் விரல்கள் சிக்கிக்கொள்ளும் என்பதால் நான் வலையையும் விட்டுவிட்டேன், டப்பாவையே தண்ணீருக்குள் அமிழ்த்தி அதை உள்ளே நடக்க வைப்பேன்.

இரண்டு கணக்கு பார்க்க வேண்டும். சின்னது 15 செ.மீ. தாண்டியிருக்க வேண்டும், இது ஒன்று. 2 முதல் 7 செ.மீ. வரையுள்ள குஞ்சுகள் கூடப் பிறந்ததையே கடித்துத் தின்னும் பருவத்தில் இருப்பவை, அவற்றை ஒன்றோடொன்று கூட வைக்க முடியாது. அதற்குப் பிறகும் 15 வரை அந்தப் பழக்கம் முழுசாக விடுவதில்லை. மற்றது, இரண்டுக்கும் இடையே 5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. 3க்குள் இருந்தால் எனக்கு நிம்மதி. நீளம் ஒத்துப்போனாலும் தலையையும் பாருங்கள். சில பெரியவை உடம்பை விட அகலமான தலையோடு இருக்கும். சின்னதின் தலை அகலம் பெரிசின் தலையில் முக்கால் பங்காவது இல்லையென்றால் நான் இன்னும் பொறுப்பேன்.

இந்த வித்தியாசத்தைக் குறைக்க ஒரே வழி காத்திருப்பது. பெரிசு 20 செ.மீ. தாண்டியபின் மெதுவாகத்தான் வளரும், சின்னது நல்ல தீனியில் விறுவிறுவென்று வளரும். சின்னதுக்குத் தினமும் தீனி போடுங்கள், பெரிசுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். சின்னி எட்டிலிருந்து இருபதைத் தொட ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் அது இருந்தது எங்கள் சமையலறை மூலையில், தனித் தொட்டியில்.

தனிமைக் காலம்

புதிதாக வந்தது எந்த அளவில் இருந்தாலும் குறைந்தது 30 நாள் தனியாக இருக்கட்டும். அளவு ஒத்துப்போகிற இரண்டுக்கும் இதுதான் சட்டம். புதியதோடு பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒட்டுண்ணியும் வரலாம், வெளியே தெரிய நாளாகும். நீர்நில வாழ்விகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையை ஆக்சலோட்டல் தனக்கு ஒன்றும் ஆகாமலேயே சுமந்து வரக்கூடியது.

சின்னதுக்கு 10 லிட்டர், பெரிசுக்கு 25 லிட்டர் அளவில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும், மூடியில் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஃபில்டர் இல்லாததால் தினமும் முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். கண்டிஷனர் (குளோரினை நீக்கும் திரவம்) கலந்து முந்தைய நாளே பிடித்து, பிராணி இருக்கும் அதே அறையில் வைத்துவிட்டால் மறுநாள் சூடும் ஒத்துப்போகும். கண்டிஷனர் வாங்கும்போது கற்றாழை சேர்ந்ததை வாங்காதீர்கள், மீனுக்கு ஆகும், இதற்கு ஆகாது.

இரண்டு வீட்டுக்கும் தனித்தனிச் சாமான். வாளி, இடுக்கி, அழுக்கு உறிஞ்சும் பிப்பெட் எல்லாவற்றையும் இரண்டாக வாங்கி, ஒன்றில் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். வேலையைப் பழையதில் தொடங்கிப் புதியதில் முடியுங்கள், அப்புறம் கை கழுவுங்கள்.

இந்த நாட்களில் தீனி எடுக்கிறதா, கழிவு சரியாகப் போகிறதா, செவுள் சிறகுகளில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதாவது படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சு தெரிந்தால் நீங்களாக எந்த மருந்தும் போடாதீர்கள். அதன் தோல் மருந்தை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். தவளை, பல்லி பார்க்கும் அயல்பிராணி மருத்துவரைத் தேடிப் போங்கள்.

வாங்குவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் அயல்நாட்டுப் பிராணிகளுக்கான அனுமதி விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். உங்கள் மாகாண இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எங்கள் குவாசூலு-நட்டாலில் எசெம்வேலோ என்ற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பில் கேட்க வேண்டும்.

ஆணா, பெண்ணா

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்தால் முட்டை நிச்சயம், அதுவும் ஒரே தடவையில் நூறிலிருந்து ஆயிரம்வரை போடும். ஆண் விடாமல் துரத்தும், பெண் ஓய்வில்லாமல் முட்டையிட்டு மெலிந்துபோகும். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் என்றுதான் சேர்க்க வேண்டும்.

பின்னங்கால்களுக்குப் பின்னால், வால் தொடங்கும் இடத்தில் பாருங்கள். ஆணுக்கு அங்கே இரண்டு பக்கமும் நன்றாகப் புடைத்திருக்கும், பெண்ணுக்குக் கொஞ்சமாக இருக்கும். 18 செ.மீ. வாக்கில்தான் இது தெளிவாகும். "பெண் குட்டி" என்று சொல்லி விற்கிற 8 செ.மீ. குஞ்சை நம்பிச் சேர்க்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம். சின்னி ஆண்தான் என்று தெரிந்த பிறகும் என் மகள் பெயரை மாற்ற விடவில்லை. தவறி முட்டை வந்துவிட்டால், கரு வளருமுன் எடுத்து ஃப்ரீசரில் உறைய வைத்துவிடுங்கள். ஆயிரம் குஞ்சுக்கு வீடு தேட யாராலும் முடியாது. முட்டையையோ பிராணியையோ உம்லாத்துசானா ஆற்றில் கொண்டுபோய் விடுகிற எண்ணமே வரக்கூடாது. ஆற்றுத் தவளைகளுக்கு நோயைக் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகும்.

தொட்டியும் டர்பன் வெயிலும்

இரண்டுக்குக் குறைந்தது 150 லிட்டர் தொட்டி வேண்டும். உயரத்தை விடத் தரைப்பரப்புதான் முக்கியம், இவை தரையில் நடக்கிறவை. கூழாங்கல் போடாதீர்கள், தீனியோடு விழுங்கிக் குடல் அடைத்துவிடும். மென்மையான மணல் போடலாம், வெறும் கண்ணாடித் தரையும் சரிதான். தொட்டியில் நுண்ணுயிர்ச் சுழற்சி, அதாவது கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா நிலைபெறுவது, முழுசாக முடிந்திருக்க வேண்டும். புதுத் தொட்டி என்றால் அதற்கு நாலிலிருந்து எட்டு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள் என்று வர வேண்டும். ஒன்று இருந்த தொட்டியில் இரண்டாவது வந்ததும் கழிவு இரட்டிப்பாகும். சேர்த்த முதல் மூன்று வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் சோதியுங்கள்.

இனி வெயில். இந்தப் பிராணியின் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தை ஒட்டிய ஷொச்சிமில்கோ ஏரி, கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே. குளிர்ந்த தண்ணீரில் பிறந்து வளர்ந்த இனம். 16 முதல் 18 டிகிரி அதற்குச் சுகம், 20 வரை தாங்கும், 24 தாண்டினால் ஆபத்து. டர்பனில் ஜனவரி, பிப்ரவரி பகல் 28 சர்வசாதாரணம். தைப்பூசக் காவடிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு காலையில் கோவிலுக்குப் போய், சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் தெர்மாமீட்டர் 26 காட்டியது எங்களுக்கு ஒரு வருடம். முத்து மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது.

வெளியூர்க்காரர்கள் "தண்ணீர் மேல் ஃபேன் வைங்க, நாலு டிகிரி இறங்கும்" என்பார்கள். தண்ணீர் ஆவியாகிறபோதுதான் அந்தக் குளிர்ச்சி கிடைக்கிறது. நம் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் கோடையில் அந்த வித்தை அவ்வளவாக எடுபடாது. ஜோகன்னஸ்பர்க்கில், லெனேசியாவில் இருக்கிறவர்களுக்கு ஃபேன் ஓரளவு கைகொடுக்கும். டர்பனில் இரண்டு ஆக்சலோட்டல் வளர்க்க வேண்டுமென்றால் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கத்தான் வேண்டும். அதற்குப் பணம் சேரவில்லையென்றால் இரண்டாவதைத் தள்ளிப்போடுங்கள். மின்வெட்டு நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும், ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர்ப் பாட்டில் நாலும் தயாராக இருக்கட்டும். பாட்டிலை ஒவ்வொன்றாக மிதக்கவிடுங்கள், ஒரே மூச்சில் 2 டிகிரிக்கு மேல் இறங்க விடாதீர்கள்.

சூடான தண்ணீரில் அவற்றுக்குப் பசி அதிகம், பரபரப்பும் அதிகம், கடிப்பதும் அதிகம். ஆகவே சேர்க்கிற வேலையை, இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு தடுப்பு

அளவு, தனிமை நாள், ஆணா பெண்ணா என்பது, தண்ணீர் எல்லாம் சரியா? அப்போதும் நேராகச் சேர்த்து விடாதீர்கள். தொட்டியை இரண்டாகப் பிரித்து ஒரு வாரம் பத்து நாள் வையுங்கள். கைவேலைக் கடைகளில் தையலுக்கு விற்கும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தாள் இதற்கு நன்றாக உதவும். தொட்டி அகலத்துக்கு வெட்டி, உறிஞ்சிப் பிடிப்பான்களால் கண்ணாடியில் ஒட்டலாம். வெட்டிய ஓரம் கூராக இருக்கும், தேய்த்து மழுங்க வையுங்கள். அடியில் மணலுக்குள் இரண்டு செ.மீ. இறங்க வேண்டும், மேலே தண்ணீருக்கு மேல் நிற்க வேண்டும். மூக்கை வைத்து அடியில் தோண்டி நுழைந்துவிடும், நம்ப மாட்டீர்கள், அவ்வளவு பலம். பெரிய சதுர ஓட்டையுள்ள பலகை வேண்டாம், கை மாட்டிக்கொள்ளும்.

இந்த நாட்களில் ஒன்றின் வாசனையும் அசைவும் இன்னொன்றுக்குப் பழகும். அதை விட முக்கியமாக, நீங்கள் இரண்டையும் பார்த்துப் பழகுவீர்கள். எது முந்திக்கொண்டு வரும், எது பயந்து ஒதுங்கும் என்று தெரிந்துவிடும். செவுள்கள் முன்பக்கம் மடங்கியிருந்தாலோ, வால் நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தாலோ, தீனியை ஒதுக்கினாலோ அது மிரண்டிருக்கிறது. அந்த அடையாளங்கள் போகும்வரை தடுப்பு இருக்கட்டும்.

தடுப்பை எடுக்கும் நாள்

வீட்டில் இருக்கிற சனிக்கிழமைக் காலையாகப் பாருங்கள். வெள்ளி இரவே இரண்டுக்கும் வயிறு நிறையப் புழு கொடுத்துவிடுங்கள். காலையில் ஒளியும் குழாய்களை, பானை ஓடுகளை எல்லாம் இடம் மாற்றி வையுங்கள், பெரிசுக்குத் "தன் இடம்" என்று எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு பிராணிக்கு நாலு ஒளிவிடம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் நெரிசல் வராது. இரண்டு பக்கம் திறந்த குழாய்தான் நல்லது, முட்டுச்சந்து மாதிரி இருந்தால் சின்னது உள்ளே மாட்டிக்கொள்ளும்.

விளக்கை மங்கலாக வைத்துவிட்டுத் தடுப்பை மெதுவாக உருவுங்கள். அப்புறம் உட்கார்ந்து பாருங்கள், கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு. ஒன்றின் மேல் ஒன்று நடந்து போவது, மூக்கால் இடிப்பது, இடிபட்டதும் துள்ளி ஓடுவது எல்லாம் சாதாரணம். ஒருமுறை வாயைத் திறந்து தவறவிட்டுப் போய்விட்டால்கூடப் பொறுக்கலாம். ஆனால் ஒன்று இன்னொன்றைத் தொடர்ந்து பின்தொடர்ந்தாலோ, இரண்டாவது முறை அதே இடத்தில் வாய் வைத்தாலோ, அன்றைக்கு அவ்வளவுதான். தடுப்பைத் திரும்பப் போடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம்.

முதல் நாள் மூன்று மணி நேரம் போதும். இரவில் தடுப்பு வேண்டும், இருட்டில்தான் இவை சுறுசுறுப்பாக இரை தேடும். நாலைந்து பகல் ஒன்றும் நடக்காமல் போன பிறகு முதல் இரவு. மறுநாள் காலை எழுந்ததும் விரல்களை எண்ணுங்கள். முன்கையில் நாலு, பின்னங்காலில் ஐந்து. செவுள் நுனிகளையும் வால் ஓரத்தையும் பாருங்கள். இந்த எண்ணிக்கை எனக்கு இப்போது காலைக் காப்பி மாதிரி ஆகிவிட்டது.

தீனி நேரம்

பிரச்சினை வருகிறதென்றால் பெரும்பாலும் தீனி நேரத்தில்தான் வரும். புழு வாசனை தண்ணீரில் பரவியதும் இரண்டும் வெறியாகி எதையும் கவ்வும். தீனியைத் தூவிவிட்டுப் போகாதீர்கள். இரண்டு இடுக்கி, இரண்டு கை, இரண்டு மூலை. வலக்கையால் முத்துவுக்கு, இடக்கையால் சின்னிக்கு, ஒரே நேரத்தில். தனியாகச் செய்ய வரவில்லையென்றால் வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள், எங்கள் வீட்டில் இது என் மகளின் வேலை. தூண்டில் கடையில் வாங்கும் மண்புழு நல்ல தீனி, கழுவிக் கொடுங்கள். மருந்து தெளித்த தோட்டத்துப் புழு வேண்டாம். மக்கு உரத்தில் வரும் சிவப்புப் புழுவைச் சிலது துப்பிவிடும், அதற்கு ஒரு கசப்பு நீர் உண்டு. தீனி முடிந்தபின் பத்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள், அந்த வெறி அடங்க அவ்வளவு நேரம் ஆகும்.

கடி விழுந்துவிட்டால்

பதறாதீர்கள். உடனே பிரித்து, கடிபட்டதைச் சுத்தமான, குளிர்ந்த, கண்டிஷனர் கலந்த தண்ணீரில் தனி டப்பாவில் விடுங்கள். 16 முதல் 18 டிகிரி. தினமும் முழுத் தண்ணீர் மாற்றுங்கள். வெளிச்சம் வேண்டாம். நாட்டுவாதாம் இலை கிடைத்தால் காய்ந்த ஒன்றைக் கழுவிப் போடலாம், தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், பூஞ்சையை ஓரளவு தடுக்கும். காயம் உடம்பிலோ தலையிலோ இருந்தால், ரத்தம் நிற்காவிட்டால், பஞ்சு படிந்தால் மருத்துவரிடம் போங்கள்.

கைகால் போனால் திரும்ப முளைக்கும். எலும்பு, தசை, நரம்பு எல்லாம் சேர்ந்து முளைக்கிற இந்த ஆற்றலுக்காகத்தான் ஆய்வுக்கூடங்களில் இதை வளர்க்கிறார்கள். சின்னிக்கு முதல் வாரத்தில் வெட்டுப்பட்ட இடம் மூடி மழமழவென்று ஆனது. அப்புறம் வெள்ளை மொட்டு ஒன்று, அரிசி நொய் அளவுக்கு. அது நீண்டு, நுனி துடுப்பு மாதிரி தட்டையாகி, அந்தத் தட்டையில் இரண்டு சிறு வெட்டு விழுந்து, விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. நாலாவது விரல் தெரிய பத்து வாரம் ஆயிற்று. கண்ணாடியில் மூக்கை ஒட்டி என் மகள் அதை தினமும் எண்ணினாள். ஆனால் முளைக்கும் என்பதற்காகக் கடிபட விடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கும் வலி உண்டு, அந்த பத்து வாரமும் அது பாதித் தீனிதான் எடுத்தது, வளர்ச்சியும் அங்கேயே நின்றுவிட்டது.

ஒருமுறை கடித்தது, சின்னது வளர்ந்தபின் திருந்தலாம், அளவு வித்தியாசம்தான் காரணம் என்றால். ஒரே அளவில் இருந்தும், வயிறு நிறைந்திருந்தும், குளிர்ந்த தண்ணீரிலும் இரண்டு மூன்று முறை கடித்தால் அந்த இரண்டையும் சேர்க்கவே வேண்டாம். தடுப்பை நிரந்தரமாக்குங்கள், இடம் போதாவிட்டால் இரண்டு தொட்டி. பின்னங்கால் இல்லாதது, பார்வை போனது, நோயிலிருந்து இப்போதுதான் தேறியது, இவற்றையும் தனியாகவே விட்டுவிடுங்கள்.

முத்துவும் சின்னியும் ஜூலையில் சேர்ந்தன. இப்போது மூன்றாவது குளிர்காலம். பெரும்பாலும் ஒரே குழாய்க்குள் ஒன்றின் மேல் ஒன்று தலை வைத்துப் படுத்திருக்கின்றன. தடுப்புத் தாளைக் கழுவிக் காயவைத்துத் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வைத்திருக்கிறேன். பிடிப்பான்கள் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கின்றன. டிசம்பர் வெயில் ஏறும்போதும், நாங்கள் ஊருக்குப் போய் வேறொருவர் தீனி போடும் நாட்களிலும் அதை எடுத்து நடுவில் சொருகிவிடுவேன்.